பேன்டாப்ரசோலை ஏன் சாப்பாட்டுக்கு முன்னாடியே போடணும்?

ஹாஸ்டலில் யாரிடம் கேட்டாலும் பேன்டாப்ரசோல் மாத்திரை கிடைக்கும். ராத்திரி பரோட்டா சாப்பிட்டு, நெஞ்சு எரிய ஆரம்பிச்ச பிறகு போடுறவங்கதான் நிறைய. அப்போ போட்டா அது உடனே கேட்காது. காரணம் மாத்திரையின் டிசைன்.

வயிற்றுச் சுவரில் உள்ள சில செல்களில் புரோட்டான் பம்ப் இருக்கு. ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பொட்டாசியம் அயனியை உள்ளே இழுப்பது அதன் வேலை. ரத்தத்தின் பிஹெச் சுமார் 7.4, வயிற்று அமிலத்துக்கு 1 அல்லது 2. பிஹெச் லாக் ஸ்கேல், கழிச்சுப் பாருங்க: அயனிகளின் அடர்த்தியில் லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம்!

டைஜீன், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட்கள் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை நடுநிலையாக்கும், அதாவது நம்ம டைட்ரேஷன். சில நிமிஷத்தில் கேட்கும், ஆனா பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேமோட்டிடின் பம்புக்கு வரும் ஹிஸ்டமின் சிக்னலைத் தடுக்கும். இந்த வகையின் முன்னோடியான சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல்.

பேன்டாப்ரசோலும் ஒமிப்ரசோலும் பம்பையே பூட்டும். மேல்பூச்சு இருப்பதால் மாத்திரை வயிற்றில் கரையாமல் சிறுகுடலுக்குப் போய், ரத்தம் வழியாகச் சுற்றி அந்தச் செல்லுக்கு வரணும். (அதனால மென்று சாப்பிடாதீங்க.) அங்கே அமிலம் பட்டால்தான் மருந்து விழிக்கும், ஓடுற பம்பை மட்டுமே பிடிக்கும். பம்புகள் அதிகம் ஓடுவது சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். ரெண்டும் சந்திக்கணும்னா சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி போடணும். முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும்.

அமிலம் குறைஞ்சா எரிச்சல் அடங்கும், அல்சரின் காரணம் அப்படியே இருக்கலாம். பல அல்சருக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் காட்டிய ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சுப் பார்த்தவர்! அதை ஒழிக்க ஆன்டிபயாடிக்கும் வேணும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அல்சரைக் கொண்டுவரும்.

மலம் கருப்பா போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரெண்டு வாரம் தாண்டியும் எரிச்சல் என்றால் டாக்டரைப் பாருங்க. மாசக்கணக்கா மாத்திரை போடுறவங்க நிறுத்துறதையும் அவர்கிட்டயே கேளுங்க. திடீர்னு நிறுத்தினா அமிலம் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமா சுரக்கலாம்.