மீண்டு வந்த இளஞ்சிவப்புப் புறா

இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரிசியஸ் தீவில் ஒரு காலத்தில் டோடோ பறவை வாழ்ந்தது. புறாக் குடும்பத்தைச் சேர்ந்த, பறக்க இயலாத அப்பறவை 17ஆம் நூற்றாண்டில் அடியோடு அழிந்தது. அத்தீவில் மட்டுமே வாழும் இளஞ்சிவப்புப் புறாவும் அதே நிலையை நெருங்கியது.

இப்புறா காட்டு மரங்களின் இலை, மொட்டு, பூ, கனி ஆகியவற்றை உண்டு வாழ்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டதால், அதன் உணவும் உறைவிடமும் குறைந்தன. மனிதர்களால் தீவுக்குள் வந்த எலி, குரங்கு போன்றவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. பூனைகள் வளர்ந்த புறாக்களையே வேட்டையாடின. 1990ஆம் ஆண்டளவில், காட்டில் ஏறத்தாழ 10 புறாக்களே எஞ்சியிருந்தன.

நல்லவேளையாக, இவ்வினத்தைக் காக்கும் முயற்சி 1970களிலேயே தொடங்கியிருந்தது. பிடித்து வரப்பட்ட சில புறாக்கள் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டன. அவை இட்ட முட்டைகள் பலவற்றை வேறு வகைப் புறாக்கள் அடைகாத்தன. அவ்வாறு வளர்ந்த பறவைகள் பின்னர் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டிலும் அருகிலுள்ள சிறு தீவிலும் விடப்பட்டன. அங்கு எலிகளும் பூனைகளும் கட்டுப்படுத்தப்பட்டன. புறாக்களுக்குக் கூடுதல் உணவும் வைக்கப்பட்டது.

இம்முயற்சியின் பயனாகப் புறாக்களின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. 2018ஆம் ஆண்டில், உலகச் செம்பட்டியலில் இவ்வினத்தின் அபாய நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. எனினும், இவை அனைத்தும் மிகச் சில புறாக்களின் வழித்தோன்றல்கள். அதனால், நோய்களை எதிர்க்கும் ஆற்றல் இவற்றுக்குக் குறைவு. மனிதரின் பராமரிப்பு நின்றுவிட்டால் இவ்வினம் மீண்டும் ஆபத்துக்கு உள்ளாகும்.

டோடோவை இனி மீட்க இயலாது. இளஞ்சிவப்புப் புறாவைக் காப்பதோ இன்னும் மனிதரின் கையில்தான் உள்ளது.