உருளையில் ஒரு கடற்போர்

நுழையும்முன்

பழம்பொருள் ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு, அப்பொருள் உருவான ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடந்துபோன நிகழ்வொன்றை நினைவுகூரும் ஆண்டாகவும் அஃது இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது பழம்பொருள் ஆய்வின் முதற்படியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுழல்துப்பாக்கி ஒன்றின் வழியாக இப்பாடம் அதனை விளக்குகிறது.

கோல்ட்டும் அவர்தம் படைப்பும்

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் கோல்ட். அக்காலக் கைத்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றை ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்திட்டு நிரப்ப வேண்டியிருந்தது. குண்டுகளுக்குரிய அறைகள் பலவற்றைக் கொண்ட உருளை சுழலுமாறு கோல்ட் ஒரு துப்பாக்கியை அமைத்து, 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. ஆயினும், அன்று தனிக் குடியரசாக விளங்கிய டெக்சாசின் கடற்படை அவருடைய துப்பாக்கிகளை வாங்கிப் பயன்படுத்தியிருந்தது. அந்த உறவே பின்னாளில் ஒரு நினைவுச் சித்திரமாக மலர்ந்தது.

உருளை சொல்லும் செய்தி

1850ஆம் ஆண்டளவில் உற்பத்தி தொடங்கி, '1851 நேவி' எனப் பெயர்பெற்ற சுழல்துப்பாக்கியின் உருளையைச் சுற்றிப் போர்க்கப்பல்கள் அணிவகுக்கின்றன. அருகே '1843 மே 16' என்னும் நாள் பொறிக்கப்பட்டுள்ளது. அது மெக்சிகோவின் காம்பெச்சே கடற்பகுதியில் டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய நாள். பணத்தாள் அச்சுக்கான செதுக்கு வேலையில் தேர்ந்த ஆர்ம்ஸ்பி என்பவர் இக்காட்சியை உருவாக்கினார். எஃகு அச்சில் செதுக்கிய படத்தை உருளைமீது அழுத்தி உருட்டிப் பதித்தமையால், இவ்வகைத் துப்பாக்கிகளில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் இடம்பெற்றது.

இதனைக் காண்பவர், 'இது 1843இல் செய்யப்பட்டது. அப்போரில் பங்கேற்றது' என எளிதில் முடிவு செய்துவிடக்கூடும். அவ்விரு முடிவுகளும் பிழையானவை. அந்நாளில் கோல்ட்டின் முதல் தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. இவ்வகைத் துப்பாக்கியோ பிறக்கவே இல்லை.

தடயங்களை ஒப்பிடுதல்

துப்பாக்கியின் உண்மையான தோற்றத்தை அறிய ஆய்வாளர் வேறு தடயங்களை நாடுகின்றனர். முதலாவது, குழலின்மேல் உள்ள முகவரி. இரண்டாவது, குழல், சட்டகம், உருளை முதலிய பகுதிகளில் பொறிக்கப்பட்ட வரிசை எண். எல்லாப் பகுதிகளிலும் ஒரே எண் இருப்பின் அவை ஒருங்கே உருவானவை எனக் கருதலாம். எண்கள் வேறுபடின், பிற்காலத்தில் ஏதோ ஒரு பகுதி மாற்றப்பட்டிருக்கக்கூடும். மூன்றாவது, சோதனை முத்திரை. கோல்ட் 1853 முதல் சில ஆண்டுகள் இலண்டனிலும் தொழிற்சாலை நடத்தினார். எனினும், ஹார்ட்ஃபோர்டில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு வந்த துப்பாக்கிகளிலும் அந்நாட்டு முத்திரை உண்டு. ஆகவே முத்திரை ஒன்றைமட்டும் கொண்டு பிறப்பிடத்தைத் துணிதல் இயலாது.

நான்காவது தடயம் தொழிற்சாலை ஆவணம். 1864இல் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் ஏற்பட்ட தீ விபத்தில் கட்டடங்களுடன் பழைய ஆவணங்களும் அழிந்தன. எஞ்சிய கோல்ட் நிறுவன ஆவணங்கள் கனெக்டிகட் மாநில நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சான்று கிடைக்காத இடத்தில் 'இருக்கலாம்' என எழுதுவதே ஆய்வு நேர்மை. பெருமைக்காகவோ விலைக்காகவோ 'இதுவே' என எழுதினால், அப்பொய் பொருளோடு சேர்ந்து அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.

நினைவும் வரலாறும்

உருளையின் காட்சி டெக்சாஸ் தரப்பின் பெருமிதத்தைப் போற்றுகிறது. ஆனால், அப்போரில் இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. வெற்றி எவருக்கு என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. நினைவுச்சின்னம் எதை நினைவில் வைத்தது என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் ஆய்வாளர் கேட்க வேண்டியுள்ளது. அவ்வினாவுக்குப் பின்னரே அது வரலாற்றுச் சான்றாகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் இல்லத்தில் பெயரும் நாளும் பொறிக்கப்பட்ட பழைய பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்நாள் அது செய்யப்பட்ட நாளா, வழங்கப்பட்ட நாளா என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, கிடைத்த சான்றுகளுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.