எங்கே போகிறோம் என்பதற்கு முன், யாரோடு போகிறோம்?

சென்னைக்காரர்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப இடத்துக்குப் பஞ்சமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம். ஜிஎஸ்டி சாலையில் போனால் வேடந்தாங்கல். பெங்களூர் சாலையைப் பிடித்தால் காஞ்சிபுரம். இருந்தும் ஞாயிறு ராத்திரி ஊருக்குள் நுழைகிற கார்கள் பலவற்றில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கேட்டால் "இடம் சரியில்லை" என்பார்கள். இடத்தின் மேல் பெரும்பாலும் தப்பிருக்காது. அந்த ஆளோடு அந்த நேரத்தில் அங்கே போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். கூட வருகிறவரை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பட்டியலைப் போட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

1. மாமனார் மாமியாரோடு என்றால் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென்னாட்டுப் பழைய வீடுகளை அங்கங்கே பிரித்து எடுத்து வந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு எல்லாம் உண்டு. பெரியவர்களுக்குக் கால் வலித்தால் திண்ணை இருக்கிறது. அந்தத் திண்ணையில்தான் விஷயமே. வீட்டில் உப்பு, உறைப்பு தவிர வேறு பேச்சில்லாத மாமியார், அங்கே உட்கார்ந்ததும் "எங்க ஆத்தா வீட்டுல இந்த மூலையிலதான் குதிர் இருக்கும்" என்று ஆரம்பிப்பார். குறுக்கே பேசாதீர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் சில மருமகள்களுக்கு மாமியாரின் சின்ன வயசுக் கதை தெரியவருகிறது.

2. புதுசாகக் கல்யாணமானவர்களும், கல்யாணமாகி வெகுநாள் ஆனதால் பேச்சு குறைந்தவர்களும் வேடந்தாங்கலுக்குப் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். அதிலும் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம், இரை தேடப் போன பறவைகள் கூட்டமாகத் திரும்பும் நேரத்துக்குப் போங்கள். ஒரே ஒரு பைனாகுலர் போதும். "அந்த மரத்துக்கு இடது பக்கம், ரெண்டாவது கிளை" என்று சொல்லி, கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டு பார்க்கும்போது பேச்சு தானாக வரும். கூழைக்கடா எது, நத்தைகுத்தி நாரை எது என்ற சண்டை வந்தால் வரட்டும். வீட்டுக் கடனைப் பற்றிய சண்டையைவிட அது எவ்வளவோ மேல். அந்த ஊர் ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாமும் அங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். சில வீடுகளுக்கு அந்தப் பயிற்சி தேவைதான்.

3. பதினைந்து வயசுப் பிள்ளை வர மாட்டேன் என்றால், வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சொல்லிப் பாருங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. திங்கட்கிழமை மூடியிருக்கும். போனதும் போர்டில் இருப்பதைப் படித்துப் பாடம் நடத்தாதீர்கள். அசையாமல் வாயைப் பிளந்து கிடக்கிற முதலை உயிரோடு இருக்கிறதா, பொம்மையா என்று அவனிடமே கேளுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, அது ஏன் வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று அவனே விளக்குவான். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான்; தெரியாதது போலக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சின்னப் பிள்ளைகளோடு மாமல்லபுரம் போனால் ஒரே ஒரு பாறை முன்னால் நிறைய நேரம் நில்லுங்கள். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பாறைச் சிற்பத்தில் இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதன் காலடியில் எலிகளும் எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். அடுத்து, பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான். தேடுகிற பிள்ளை ஐஸ்கிரீம் கேட்காது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான். பதினைந்து வயசுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறைகள் அனலாய்க் கொதிக்கும். அதற்குப் பிறகு வருகிற சண்டைகளுக்கு வெயில்தான் பொறுப்பு.

5. காஞ்சிபுரத்தில் முதலில் கோயில், பிறகு புடவை. பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கடைக்கு முதலில் போய்விட்டு, சாத்திய கதவின் முன்னால் நின்று "உன்னாலதான்" என்று தொடங்குகிற குடும்பங்கள் உண்டு. புடவை எடுக்கும்போது கணவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்டால் இரண்டில் ஒன்றை உடனே காட்ட வேண்டும். "எதுவா இருந்தாலும் சரி" என்பது பதில் ஆகாது.

6. நண்பர் குடும்பத்தோடு போனால் பெட்ரோல், சுங்கம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் யார் எவ்வளவு என்று கிளம்புமுன் பேசிவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட கணக்கு நட்பின் அடியில் வெகுநாள் கிடக்கும்.

செய்யக்கூடாதவை

1. வீட்டுப் பெண்ணை மூன்றரை மணிக்கு எழுப்பிப் புளியோதரை கிளறச் சொல்லாதீர்கள். அவருக்கும் அது விடுமுறை நாள். கட்டுச்சோறுதான் வேண்டும் என்றால் தேங்காய் துருவ ஒருவர், தண்ணீர் பாட்டில் நிரப்ப ஒருவர், திரும்பியதும் பாத்திரம் கழுவ ஒருவர் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். கழுவுகிற ஆள் கிடைக்கவில்லையா? வழியில் ஓட்டலில் இட்லி சாப்பிடுங்கள்.

2. ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போடாதீர்கள். காலையில் முதலைப் பண்ணை, மதியம் மாமல்லபுரம், சாயங்காலம் கோவளம் என்று ஓடினால், ஞாபகத்தில் நிற்பது பார்க்கிங் மட்டும்தான். ஓர் இடம், ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். மீதி அடுத்த முறைக்கு.

3. மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் "முட்டி வரைக்கும்தான்" என்று சொல்லிக் கடலில் இறங்காதீர்கள். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலையே பறித்துக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகை வெறும் சம்பிரதாயம் இல்லை. வேண்டாம் என்று மனைவி சொன்னால், அவருடைய பயத்தைக் கேலி பேசி வீரம் காட்டுகிற நேரமும் அது இல்லை.

4. ஓட்டுகிறவரை முன்சீட்டிலிருந்து ஓட்டாதீர்கள். "அந்த லாரியை ஏன் விட்டீங்க?" என்பதும், "மேப்பை ஒழுங்கா பாக்கத் தெரியாதா?" என்பதும் ஒரே தராசில்தான் நிற்கும். தவறான திருப்பத்தில் போய்விட்டால் ஐந்து நிமிஷம் நஷ்டம். அதைப் பேசிப் பேசியே அரை நாளை நஷ்டமாக்குகிறவர்கள்தான் அதிகம்.

5. மற்ற குடும்பத்தோடு ஒப்பிடாதீர்கள். "அவங்க வீட்டுக்காரர் ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாராம்" என்ற ஒரே வரி, நீங்கள் வந்திருக்கிற இடத்தையும் கூட்டி வந்தவரையும் சேர்த்தே சிறுமைப்படுத்தும். அந்த ரிசார்ட்டில் அவர்கள் பேசிக்கொண்டார்களா என்பது போட்டோவில் தெரியாது.

6. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பக் கிளம்பாதீர்கள். பரனூர் சுங்கச்சாவடியிலும் பெருங்களத்தூரிலும் ஊரே உங்களோடு நிற்கும். மூன்று மணிக்கே கிளம்புங்கள். இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு நிதானமாக வாருங்கள். பசியிலும் நெரிசலிலும் எந்தப் பழைய கணக்கையும் எடுக்காதீர்கள். நாத்தனார் கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு வண்டலூர் மேம்பாலம் இடமில்லை.

7. வீடு வந்து செருப்பைக் கழற்றுமுன் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்துப் பதிலில் பாதி கால்வலி. புதன்கிழமை கேளுங்கள். அதற்குள் வெயில் மறந்து, பூனையும் எலியும் மட்டும் நிற்கும்.

8. அடுத்த வாரமும் எங்காவது போயே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒருவரையொருவர் வீட்டிலேயே பிடித்திருந்தால் பெட்ரோல் மிச்சம்.