மொன்றியல் நிலவறைக்கு வடிகால் பம்ப்: தெரிவும் பொருத்தலும்

மொன்றியல் வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் இரண்டு வழியாக வரும். அத்திவாரத்தைச் சுற்றிய மண்ணில் ஊறும் நீர் ஒன்று. தெருச் சாக்கடை நிரம்பித் தரை வடிகால் வழியே திரும்பி ஏறும் கழிவுநீர் மற்றது. பம்ப் முதலாவதற்கு உரியது. இரண்டாவதைத் தடுப்பது, பிரெஞ்சில் கிளாப்பே எனப்படும் எதிர்வால்வு. நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால் பெருமழையில் இரண்டு ஆபத்தும் ஒன்றாக வரும். 2024 ஆகஸ்ட் 9 அன்று டெபி புயலின் எச்சம் ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியபோது பல நிலவறைகளில் நேர்ந்தது இதுதான்.

பம்பின் அளவை ஊகிக்கத் தேவையில்லை. நல்ல மழையன்று, பழைய பம்பைச் சற்று நிறுத்திக் குழியில் நீர் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். 45 சென்ரிமீற்றர் அகலமான வட்டக் குழியில் ஒரு சென்ரிமீற்றர் ஏற்றம் சுமார் 1.6 லீற்றர். 10 சென்ரிமீற்றர் ஏறினால் 16 லீற்றர். அதன் இரு மடங்கையாவது இறைக்கும் பம்ப் போதும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் உயரமே இல்லாத நிலைக்கானது. பார்க்க வேண்டியது 3 மீற்றர் உயரத்துக்கான எண். சாதாரண வீட்டுக்கு 1/3 குதிரைவலு பெரும்பாலும் போதும். தேவைக்கு மிஞ்சிய பம்ப் அடிக்கடி ஓடி நின்று சீக்கிரம் பழுதாகும். வார்ப்பிரும்பு உடலும், நேராக மேலெழும் மிதவையும் உள்ளதையே வாங்க வேண்டும். கயிற்றில் ஆடும் மிதவை குறுகிய குழியின் சுவரில் சிக்கிக்கொள்ளும்.

குழி 60 சென்ரிமீற்றராவது ஆழமாக இருக்கட்டும். பம்பைச் சரளைக்கல்லின் மேல் வைக்காமல் தட்டையான கல்லின் மேல் வைக்க வேண்டும். மூடி காற்றுப் புகாதது நல்லது. குழி வழியே ஈரமும் ரேடான் வாயுவும் வீட்டுக்குள் வருவது குறையும்.

பலர் தவறுவது நீரை வெளியேற்றும் இடத்தில். பம்பின் குழாயை வீட்டின் கழிவுக் குழாயோடு இணைப்பது எளிது. வெயில் நாளில் குறையும் தெரியாது. ஆனால் தெருச் சாக்கடை நிரம்பி எதிர்வால்வு மூடிக்கொண்டதும், பம்ப் தள்ளும் நீருக்கு வெளியேற வழியில்லை. அது வீட்டுக் குழாய்களுக்குள்ளேயே ஏறி, மிகத் தாழ்ந்த திறப்பு வழியாக நிலவறையில் கொட்டும். எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்தபடியே வீடு மூழ்கும். ஆகவே, இடம் இருக்கும்வரை பம்பின் குழாய் தனியாகச் சுவரைத் துளைத்து முற்றத்துக்கே போக வேண்டும். அத்திவாரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளி, சரிவு வெளிநோக்கி இருக்கும் இடத்தில் விட வேண்டும். அருகில் கொட்டினால் அதே நீர் மண்ணில் இறங்கிக் குழிக்குத் திரும்பும். அயல்வீட்டுக் காணியும் நடைபாதையும் கூடாது. முற்றமே இல்லாத வரிசை வீடு என்றால், நகரசபையின் 311 எண்ணை அழைத்துத் தம் பகுதி விதியைக் கேட்டறிந்த பின்பே குழாய் வாங்க வேண்டும்.

அடுத்த சோதனை குளிர்காலம். வெளிக்குழாயில் தேங்கும் சிறிது நீர்கூட உறைந்து அடைத்துவிடும். பம்ப் பனிக்கட்டியோடு முட்டி மோட்டார் சூடேறும். குழாய் முழுவதும் வெளிப்புறம் நோக்கிச் சரிய வேண்டும். சுவரை விட்டு வெளிவந்த உடனே ஒரு திறந்த கிளை வைத்தால், முனை அடைபட்டாலும் நீர் அங்கே வழியும். நெளிவுள்ள நீட்டுக்குழாயை நவம்பரில் கழற்றிவிட வேண்டும்.

பம்புக்கு மேலே ஒருவழி வால்வு, அம்புக்குறி மேல்நோக்கி. அதற்கும் பம்புக்கும் இடையில், குழிக்குள்ளேயே, 3 மில்லிமீற்றர் துளை போட வேண்டும். இல்லையெனில் காற்று அடைத்து, பம்ப் சத்தம் போட்டும் நீர் ஏறாது. கழிவுக் குழாயில் கை வைக்கும் எந்த வேலையும், எதிர்வால்வு உட்பட, கியூபெக்கில் உரிமம் பெற்ற குழாய்த் தொழிலாளருக்கே உரியது.

புயல் மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். 2023 ஏப்ரல் 5 உறைமழையில் ஹைட்ரோ கியூபெக்கின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் இருளில் இருந்தனர். பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்பை ஆடம்பரமாக எண்ணக்கூடாது. அதன் மிதவை முதல் பம்பின் மிதவைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பற்றரி தரையில் அல்ல, தட்டில்.

சோதனைக்குக் குழியில் சில வாளி நீர் ஊற்றிப் பம்ப் தானாகத் தொடங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு முதல் பம்பின் மின்செருகியைக் கழற்றிவிட்டு, இரண்டாவது பம்ப் தொடங்குகிறதா என்று பார்க்க மீண்டும் ஊற்ற வேண்டும். குழியில் செம்மஞ்சள் சேறு தெரிந்தால் அது இரும்புக் காவி. மிதவையையும் உறிஞ்சும் வாயையும் ஆண்டுக்கு இருமுறையாவது கழுவ வேண்டும். பனி உருகத் தொடங்கும் முன், மார்ச்சில், இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.