மருந்தைக் கடைசியில் கற்றுக்கொள்

அன்புள்ள தங்கைக்கு,

முனைவர் பட்டம் முடித்த கையோடு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், காளானில் உள்ள மனமாற்ற மருந்தான சைலோசைபினைக் கொண்டு நடத்தும் சிகிச்சைக்கான பயிற்சியில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. முறையாக உளவியல் படித்தவர்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. ஆனால் மருந்தைக் கடைசியில் கற்றுக்கொள். உடலிலிருந்து தொடங்கு.

பீட்டர் லெவினின் சோமாடிக் எக்ஸ்பீரியன்சிங் ஆகட்டும், யூஜின் ஜென்ட்லினின் ஃபோகசிங் ஆகட்டும், உடலுணர்வைக் கவனிக்கும் இந்த முறைகள் முதலில் பழக்குவது நிதானத்தைத்தான். விபத்தில் தப்பிய ஒருவர் நடந்ததைத் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போவார். அவர் மூச்சோ தொண்டையோடு நின்றிருக்கும், கால்விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது கதையின் அடுத்த பகுதியைக் கேட்காதே. பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று கேள். மூச்சு இறங்கும்வரை காத்திரு. இந்தக் காத்திருப்பு கைவராதவரை மருந்து அறைக்குள் போக வேண்டாம்.

உடலுக்கு அடுத்து இயற்கை சார்ந்த சிகிச்சையைப் படி. அதற்கும் நல்ல அடிப்படை உண்டு. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அதற்காக மரம் மனநோயைத் தீர்க்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. சிகிச்சைக்கு வருபவரோடு பூங்காவில் நடக்கும்போது அவருக்குத் தெரிந்தவர் எதிரே வந்தால் உன்னை யார் என்று சொல்வது என்பதையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்.

இனி மருந்து. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்னொரு மனமாற்ற மருந்தான எம்.டி.எம்.ஏ.வைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு அனுமதி தர மறுத்தது. தாங்கள் உட்கொண்டது மருந்தா வெறும் மாத்திரையா என்பது அதற்கான ஆய்வுகளில் கலந்துகொண்ட பெரும்பாலோருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியிருக்க முடிவுகளை எப்படி நம்புவது என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. அதே மாதம் ஓர் ஆய்விதழ் அந்தச் சிகிச்சை பற்றிய மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கனடாவில் ஓர் ஆய்வின்போது சிகிச்சையாளர்கள் நெறிமீறி நடந்துகொண்டது அதற்கு ஒரு காரணம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டாவது செய்திதான்.

மருந்தின் பிடியில் இருப்பவர் உன்னை அளவுக்கு மீறி நம்புவார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஓரிகனில் தொடுதலுக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கை, பாதம், தோள், ஓர் அணைப்பு, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடாதே. முன்தயாரிப்புச் சந்திப்பில் தோளில் கை வைத்து, அவரை "நிறுத்துங்கள்" என்று சொல்லச் சொல். சொன்ன கணமே கையை எடு. மறுபடியும் செய். சிறுவயதில் வேண்டாம் என்று சொல்லியும் யாரும் கேட்காமல்போன ஒருவருக்கு, இந்தச் சின்னப் பயிற்சியிலேயே கண் கலங்கிவிடும்.

நீ கற்கப்போகும் மருந்தின் வரலாறு தெரிய, மெக்சிகோவின் மரியா சபீனாவைப் பற்றியும் படி. அவர் நடத்திய காளான் சடங்கை 1957இல் லைஃப் பத்திரிகை உலகுக்குச் சொன்னது. வெளியாட்கள் அவர் ஊரில் குவிந்தார்கள். கடைசியில் அவர் வீடு எரிக்கப்பட்டது. இன்று நாம் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் சிகிச்சைக்கு அவரிடமும் அவர் ஊர் மக்களிடமும் பட்ட கடன் உண்டு.

பயிற்சியில் சேரும் முன் அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேள்: சிகிச்சையாளர்மீது புகார் வந்தால் விசாரிப்பது யார்? நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் அக்கா