பாய்மரம் நிமிர்த்துமுன்

கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் கடல் கடந்து சென்று ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என வழங்கலாயிற்று. தமிழ்நாட்டுக் கட்டுமரம் மரங்களைக் கயிற்றாற் பிணித்தது. மேனாட்டார் அப்பெயரால் அழைப்பதோ, ஒடுங்கிய இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த கலம். கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் என்பார் உருவாக்கிய ‘ஹோபி 16’ என்னும் பாய்க்கலம் இவ்வகையுட் புகழ் பெற்றது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளமே உடைய அக்கலத்தின் பாய்மரம் 8 மீட்டர் உயரமுடையது.

இத்தகைய கலத்தைச் செலுத்துவோர் அலைக்கு அஞ்சுவர், கரையில் அஞ்சுவதில்லை. ஆயினும் பேரிடர் கரையிலேயே காத்திருத்தலும் உண்டு. பாய்மரத்தை நிமிர்த்துமுன் செய்யத்தக்க முதற்காரியம் அண்ணாந்து பார்த்தலாம். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பியை அது தீண்டின், பிடித்திருப்பவர் உயிர் நொடியிற் போய்விடும். உயரழுத்த மின்சாரம் தீண்டாமலே, நெருங்கிய அளவிற் பாய்தலும் கூடும். இதுபற்றியே 1980-களில் ‘ஹோபி 16’ பாய்மரத்தின் நுனிப்பகுதி மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையால் அமைக்கப்பெறலாயிற்று. எனினும் அதன் கீழ்ப்பகுதி அலுமினியமே. ஆதலின், காப்பு உண்டென்று கவலையற்றிருத்தல் அறிவுடைமை ஆகாது.

பாய்மரத்தை ஒருவரே தூக்க முயலுதல் தவறு, இருவரேனும் வேண்டும். முதலில் மரத்தின் அடியை அதன் இருப்பிடத்திற் பிணித்து, இருபக்கக் கம்பிவடங்களையும் பூட்டி, பூட்டாணிகளில் வளையங்கள் உள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். ஒருவர் மரத்தை உயர்த்த, மற்றவர் முன்னிருந்து இழுப்பார். மரம் நிமிர்ந்ததும் வேலை முடிந்ததன்று. முன்வடத்தைப் பூட்டும் வரையில் பிடித்தவர் கையை எடுத்தலாகாது. அது விழக்கூடிய வழியில் எவரும் நிற்றலும் ஆகாது. அதன்பின், கலத்தின் முகப்பைக் காற்று வரும் திசைக்குத் திருப்பியே பாயை ஏற்றுதல் வேண்டும்.

அவிழ்க்கும் முறை இதன் தலைகீழ். முதலிற் பாயை இறக்குக. அடுத்து ஒருவர் மரத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்க. அதன் பின்னரே முன்வடத்தை அவிழ்த்து, மரத்தைப் பின்புறமாக மெல்லச் சாய்க்க. கடலாடித் திரும்பியோர் களைத்திருப்பர். வீடு செல்ல விரைவர். பிழை நேரும் வேளை அதுவே. காலையிற் கலம் நின்ற இடம் வேறாகவும், மாலையில் கரையேறிய இடம் வேறாகவும் இருக்கலாம். காலையிற் பார்த்த வானம் மாலைக்குச் சான்றாகாது. ஆகவே, ஏற்றும்போதும் இறக்கும்போதும், மரத்தோடு கலத்தைக் கரையில் நகர்த்தும்போதும், கண் மேலே நோக்கிய பின்னரே கை வேலையைத் தொடங்குக.