எண்ணை வெளியே சொல்லிவிடும் செல்போன்



பார்வையற்றவரின் செல்போன் பேசும். விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ, அதை வாசித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டு போனில் இதற்கு டாக்பேக் என்று பெயர், ஐபோனில் வாய்ஸ் ஓவர். கம்ப்யூட்டரில் பலரும் வைத்திருப்பது இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. பொதுவாக இவற்றை ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய நம் பெரியவர்களும் இப்போது இதைப் பழகி வருகிறார்கள்.

மளிகைக் கடையில் நின்று ஒருவர் ஜிபே மூலம் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பரை அழுத்தும்போது போன் "நான்கு, ஏழு..." என்று உரக்கச் சொன்னால் என்ன ஆகும்? பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அதற்காக ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும் சிக்கல்தான். எந்த எண்ணில் விரல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சில தடவை தவறினால் தற்காலிகமாக அந்த வழியில் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்கிற இந்த நெருக்கடி, கண் தெரிந்த நமக்குச் சட்டென்று புரிவதில்லை.

இதற்கு நல்ல வழி இயர்போன். டாக்பேக் அமைப்புகளில் பாஸ்வேர்டை வாசிப்பது பற்றி ஒரு தேர்வு உண்டு. அது அணைந்திருந்தால், பாஸ்வேர்டு எழுத்துகள் இயர்போன் மாட்டியிருக்கும்போது மட்டுமே காதில் கேட்கும். இல்லையென்றால் புள்ளி என்பதுபோல்தான் சொல்லும். யாராவது அதை ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டினால் போதும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்க மற்றக் காது வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பை முழுசாக நம்பிவிடவும் கூடாது. "இது பாஸ்வேர்டு கட்டம்" என்று செயலியைச் செய்தவர் குறித்து வைத்திருந்தால்தான் ஸ்க்ரீன் ரீடர் அடக்கி வாசிக்கும். என்.வி.டி.ஏ.வும் அப்படிக் குறித்த கட்டத்தில்தான் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் என்று சொல்லும். சில செயலிகள் சொந்தமாக ஓர் எண்பலகை போட்டிருக்கும். ஸ்க்ரீன் ரீடருக்கு அவை சாதாரணப் பொத்தான்கள், அப்படியே வாசித்துவிடும். ஆகவே புதுச் செயலியை முதலில் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்திப் பார்ப்பதே நல்லது.

ஓடிபி இன்னும் மோசம். எஸ்எம்எஸ் வந்ததுமே போன் அதை வாசித்துவிடலாம். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றி வையுங்கள்.

காதுக்கு இயர்போன் என்றால், கண்ணுக்குத் திரையை மறைக்கும் வசதி. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை முழுக்கக் கறுத்துவிடும். போன் வழக்கம்போல் வேலை செய்யும். டாக்பேக் மெனுவிலும் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. தன் திரை எரிகிறதா, அதை யார் பார்க்கிறார்கள் என்பதே தெரியாதவருக்கு இது எவ்வளவு நிம்மதி!

ஏடிஎம் விஷயமும் இதேதான். 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் ஏடிஎம்கள் பேசும் வசதியும் பிரெய்ல் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இயர்போனைச் செருகிக் கேட்கலாம். நடுவில் உள்ள 5-இல் சிறு மேடு இருக்கும். அதைத் தொட்டு மற்ற எண்களைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தனை வழி இருந்தும், நம் வீடுகளில் "நம்பரைச் சொல்லுங்கத்தா, நான் போட்டுத் தர்றேன்" என்பதுதான் வழக்கம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவருடைய பணத்துக்கு அவரே பூட்டும் சாவியும் வைத்திருக்க முடியும் என்றால், அந்தச் சாவியை நாம் ஏன் கேட்டு வாங்க வேண்டும்?

இந்த அமைப்புகளை மாற்றத் தெரியாதவர்கள் போனையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், செய்து தருகிறோம். பின் நம்பரை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம்.